பொந்தியானாக்கைத் திரைக்கு அழைத்து வந்தவர்

விடுதி அறையில் ஓர் இரவு நண்பர்களோடு ‘சும்பா பொந்தியானாக்’ என்ற பழைய மலாய்ப் படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். படத்தில் வந்த பேயைவிட, இயக்குநர் என்று திரையில் தோன்றிய பெயர்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பி. என். ராவ்! மலாய்க் கிராமத்துப் பேயைப் படமாக்கிய இந்த ராவ் யார்?

தேடிப் பார்த்தபோது பாதை தமிழ்ப் படவுலகிற்குச் சென்றது. ‘ரம்பையின் காதல்’ (1939), ‘மதனகாமராஜன்’ (1941), ‘சாலிவாகனன்’ (1945) ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியவர் இவரே. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக உயராத காலத்தில் நடித்த படங்களுள் ‘சாலிவாகனன்’ ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட மலாய்ப் படங்களுக்கு முதலீடு பெரும்பாலும் சீனர்களுடையது. நடிப்பு மலாய்க் கலைஞர்களுடையது. இயக்குவதற்கு அனுபவம் மிக்கவர்களை இந்தியாவிலிருந்து வரவழைத்தார்கள். அவ்வாறு வந்த ராவ், முதலில் ஷா நிறுவனத்திற்காக பி. ரம்லி நடித்த ‘ஹூஜான் பானாஸ்’ (1953) போன்ற படங்களை இயக்கினார். பின்னர் கேத்தே கெரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்குதான் 1957-இல் ‘பொந்தியானாக்’ உருவானது. நாயகி மரியா மெனாடோ. கூனும் விகாரமும் கொண்ட சோமெல் என்ற பெண், மந்திர மருந்தைக் குடித்து அழகியாகிறாள். மனித இரத்தத்தைச் சுவைக்கக்கூடாது என்பது நிபந்தனை. பாம்பு கடித்த கணவனைக் காப்பாற்ற விஷத்தை உறிஞ்சும்போது இரத்தம் நாவில் படுகிறது, அவள் பேயாகிவிடுகிறாள்.

மலாய் மக்களின் நம்பிக்கையில் பொந்தியானாக் என்பது பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி. இப்படத்திலோ, அன்பினால் செய்த ஒரு காரியமே அவளைப் பேயாக்குகிறது. நாம் அஞ்ச வேண்டியவளுக்காகவே கண் கலங்குகிறோம். இது ராவுக்குப் புதிய களம் அன்று என்பது என் கருத்து. சாபத்தால் சிலையாகி மண்ணுலகிற்கு வந்த ரம்பையின் கதையை அவர் 1939-லேயே படமாக்கிவிட்டார். ‘சும்பா’ என்ற மலாய்ச் சொல்லுக்கும் சாபம் என்றே பொருள்! கதை மலாய் மண்ணுடையது; சபிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் நின்று கதை சொல்லும் பழக்கம் மட்டும் அவரோடு கடல் கடந்து வந்தது எனலாம்.

படம் பெருவெற்றி பெற்றது. அதே ஆண்டில் ‘டெண்டாம் பொந்தியானாக்’, 1958-இல் ‘சும்பா பொந்தியானாக்’ என ராவ் அடுத்தடுத்து இயக்கினார். போட்டி நிறுவனமான ஷாவும் 1958-இல் ‘அனாக் பொந்தியானாக்’ எடுத்தது. மலாய்த் திரையில் பேய்ப்படம் என்ற வகை வேரூன்றியது இப்படித்தான்.

வருத்தம் என்னவென்றால், முதல் இரண்டு படங்களின் பிரதிகள் இன்று கிடைப்பதில்லை. எஞ்சியிருப்பது மூன்றாவது படமே. கேத்தே கெரிஸ் மலாய்ப் படத் தொகுப்பு 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது சற்று ஆறுதல்.

நம் பங்களிப்பைப் பேசும்போது தோட்டத்தையும் இரயில் பாதையையும் மறவாமல் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால், அண்டை வீட்டாரின் கதையை மதித்து, அதற்குத் திரையில் உருவம் கொடுத்த கலைஞர்களை எத்தனை பேர் அறிவோம்? பொந்தியானாக்கைப் பற்றி நம் மலாய் நண்பர்களோடு பேசும் அடுத்த முறை, ராவின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.