ஆபத்துக்கு ஒரே பாஷை

பக்கத்து வீட்டிலிருந்து அவசரத்துக்கு வாங்கி வந்த மூடி நம் வீட்டுக் கூஜாவுக்குப் பொருந்தாவிட்டால் என்ன செய்வோம்? ஒரு தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு காரியத்தைப் பார்ப்போம். அதனால் குடி முழுகிப் போய்விடாது. ஆனால் ஒரு நகரமே பற்றி எரியும்போது இந்தப் 'பொருந்தாமை' வந்து சேர்ந்தால்?

அப்படித்தான் நடந்தது, அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்திலே. 1904-ம் வருஷம் பிப்ரவரி 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கடைவீதியில் பிடித்த தீ காற்றோடு கைகோத்துக்கொண்டு பரவியது. "உதவி தேவை!" என்று தந்திகள் பறந்தன. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலேறி வந்து சேர்ந்தன. வீரர்கள் இருந்தார்கள், இயந்திரங்கள் இருந்தன, தண்ணீரும் இருந்தது. ஆனால் வந்தவர்களில் பலருடைய குழாய், பால்டிமோர் தெருக்குழாயில் மாட்டவில்லை! ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டப்படி மரை வெட்டி வைத்திருந்ததுதான் காரணம். 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அதற்குப் பிறகே, நாடு முழுவதற்கும் ஒரே அளவு மரை வேண்டும் என்று விதி வகுத்தார்கள். அப்படியும் நூறு வருஷம் கழித்துப் பார்த்தபோது, பல பெரிய நகரங்கள் அந்த விதிக்கு மாறாமலே இருந்தன!

குழாய்க்கு வந்த கஷ்டம் பிற்பாடு ரேடியோவுக்கும் வந்தது.

பனியில் விழுந்த விமானம்

போலீஸ்காரர் இடுப்பிலும் தீயணைப்பு வீரர் தோளிலும் தொங்கும் சிறு ரேடியோக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. திருச்சி நிலையத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்துவிட்டு, "சென்னைக் கச்சேரி ஏன் கேட்கவில்லை?" என்றால் எப்படிக் கேட்கும்? இந்தக் கருவிகளும் அப்படித்தான். அலைவரிசை வேறு, பேச்சைக் குறியீடாக மாற்றி அனுப்பும் முறையும் வேறு.

1982-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி, கொட்டும் பனியில் வாஷிங்டனிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று பாலத்தில் மோதி, உறைந்து கிடந்த போடோமாக் நதியில் விழுந்தது. 78 பேர் மாண்டார்கள். நதிக்கு இந்தக் கரை ஒரு நிர்வாகம். அந்தக் கரை இன்னொரு நிர்வாகம். மீட்க ஓடி வந்தவர்கள் ஒருவரோடொருவர் ரேடியோவில் பேச முடியாமல் திண்டாடினார்கள்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டாமா? 1989-ல் அமெரிக்காவில் 'புராஜெக்ட் 25' என்ற முயற்சி தொடங்கிற்று. ஐரோப்பாவில் 1990-களில் 'டெட்ரா' என்ற முறை பிறந்தது. இரண்டும் நல்ல முறைகளே. ஆனால் அதன் பாஷை இதற்குத் தெரியாது. இதன் பாஷை அதற்குத் தெரியாது!

மேசையைச் சுற்றி

ஆகவே 2000-ம் வருஷம் ஐரோப்பியத் தரநிர்ணய ஸ்தாபனமான எட்ஸியும், அமெரிக்காவின் டி.ஐ.ஏ. என்ற தொலைத்தொடர்புத் தொழில் சங்கமும் கூட்டுச் சேர்ந்தன. அந்தக் கூட்டு முயற்சிக்கு 'மேஸா' என்று பெயர். போர்த்துக்கீசிய பாஷையில் 'மேஸா' என்றால் என்ன தெரியுமா? நம் வீட்டு மேசையேதான்! அந்தச் சொல்தான் தமிழுக்கு வந்து 'மேசை' ஆயிற்று.

பெயருக்கு ஏற்ற காரியத்தையே அவர்கள் செய்தார்கள். முதலில் உட்கார வைத்தது இஞ்ஜினீயர்களை அல்ல. தீயணைப்போர், போலீஸார், ஆம்புலன்ஸ்காரர்கள் ஆகியோரை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தத் 'தேவைப் பட்டியல்' தயாரிப்பது ஒரு குழுவின் வேலை. அதை எப்படிச் செய்து கொடுப்பது என்று யோசிப்பது இன்னொரு குழுவின் வேலை. சமையல்காரரைக் கேட்காமல் சமையலறை கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

இந்தப் பேச்செல்லாம் எவ்வளவு அவசரம் என்பதை மறு வருஷமே உலகம் கண்டது. 2001 செப்டம்பர் 11. நியூயார்க்கில் தெற்குக் கோபுரம் காலை 9-59-க்கு இடிந்து விழுந்தது. வடக்குக் கோபுரமும் நிற்காது என்று வானில் வட்டமிட்ட போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து எச்சரிக்கை வந்தது. அது போலீஸ் ரேடியோவில் வந்தது. கோபுரத்துக்குள் படியேறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களின் ரேடியோ வேறு! அவர்களுடைய தலைவர்களே "வெளியேறுங்கள்" என்று இட்ட கட்டளையும் பலருக்கு எட்டவில்லை. 10-28-க்கு அந்தக் கோபுரமும் விழுந்தது. அன்று உயிர் நீத்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். ரேடியோ மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ரேடியோவும் ஒரு காரணம்.

இந்தியாவுக்கும் ஓர் ஆசனம்

'மேஸா' பிற்பாடு கலைந்தது. ஆனால் வேலை நிற்கவில்லை. நம் கைபேசிகளுக்கு விதி வகுக்கும் '3ஜி.பி.பி.' என்ற சர்வதேசக் கூட்டு அமைப்பு அந்தக் காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா, கொரியா ஆகியவற்றோடு, 2015 முதல் இந்தியாவின் டி.எஸ்.டி.எஸ்.ஐ. ஸ்தாபனமும் அதில் அங்கம் வகிக்கிறது. 2016-ல் முக்கியமான விதித் தொகுப்பு ஒன்று முடிந்தது. பொத்தானை அழுத்தியதும் குழுவிலுள்ள அத்தனை பேருக்கும் குரல் கேட்க வேண்டும். ஊரே போன் பேசினாலும் ஆபத்துதவிக்காரர் பேச்சுக்கு முதல் வழி விட வேண்டும் – இப்படியெல்லாம் அதில் ஏற்பாடு இருக்கிறது. 2014-ல் 'சேவோல்' கப்பல் மூழ்கி 304 பேரைப் பறிகொடுத்த தென் கொரியா, போலீஸுக்கும் தீயணைப்புக்கும் கடற்காவலுக்கும் பொதுவான வலையமைப்பை நாடு முழுவதும் அமைத்து, 2021-ல் பூர்த்தி செய்தது.

"தரநிர்ணயம்" என்றால் கொட்டாவி வரும் விஷயம் என்று நினைக்கிறோம். எந்தக் கடையில் வாங்கிய பல்பும் நம் வீட்டு ஹோல்டரில் பொருந்துகிறதே, அதற்காக யாராவது யாருக்காவது நன்றி சொன்னதுண்டா? சரியாகச் செய்யப்பட்டால் கண்ணுக்கே தெரியாத வேலை அது. அந்த மேசையில் ஆசனம் இல்லாத நாடு, பிறர் தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கை நீளமோ குட்டையோ!

இந்த வேலையின் பலன் ஒன்று இப்போதே உங்கள் கைப்பையில் இருக்கிறது. 112 என்ற அவசர எண்ணை 1991-ல் ஐரோப்பிய நாடுகள் பொது எண்ணாக ஏற்றன; பிறகு கைபேசி விதிகளிலும் அது இடம்பெற்றது. இன்று இந்தியாவிலும் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதுவே பொது எண். கைபேசி பூட்டியிருந்தாலும் அந்த மூன்று இலக்கங்களை அழுத்தலாம். வீட்டிலுள்ள பாட்டிக்கும் பேத்திக்கும் இன்றே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஆபத்து வரும்போது பாஷை தேடிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா?