பழைய உடலில் புதிய இதயம்

மனிதனுக்கு மாற்று இதயம் பொருத்தும் அறுவை மருத்துவம் 1967ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கைகூடியது. ஊர்திகளுக்கு அத்தகைய மருத்துவம் அதற்கும் முன்பிருந்தே நடைபெற்று வருகிறது. பழுதுற்ற எஞ்சினை அகற்றி வேறொன்றைப் பொருத்துவது பட்டறைகளில் அன்றாடப் பணி. ஆயின், பிறந்தபோது இருந்ததைவிட ஆற்றல் மிக்கதொரு எஞ்சினைப் பழைய ஊர்தியொன்றில் பொருத்துவது எளிய செயலன்று. அதன் நுட்பங்களை ஓர் எடுத்துக்காட்டின்வழிக் காண்போம்.

ஜப்பானின் நிஸ்ஸான் நிறுவனம் 'சில்வியா' என்னும் விளையாட்டுக் காரை 1988ஆம் ஆண்டில் புதுவடிவில் வெளியிட்டது. அதே உடலமைப்புடைய கார், அமெரிக்காவில் '240எஸ்.எக்ஸ்.' என்னும் பெயரில் விற்கப்பட்டது. உடல் ஒன்றாயினும் இதயம் வேறு. அமெரிக்கக் காரில் 2.4 லிட்டர் கொள்ளளவுள்ள, டர்போ இல்லாத எஞ்சின் இருந்தது. அதன் திறன் முதலில் 140 குதிரைத்திறன். 1991 முதல் 155. அதே 1991இல் ஜப்பானியக் காருக்கு 'எஸ்.ஆர்.20டி.இ.டி.' என்னும் டர்போ எஞ்சின் வந்தது. அதன் கொள்ளளவு 2 லிட்டரே, திறனோ 205. எனவே அமெரிக்க ஆர்வலர்கள் பலர், ஜப்பானிலிருந்து இவ்வெஞ்சினை வரவழைத்துத் தம் கார்களில் பொருத்தலாயினர்.

சிறிய எஞ்சின் பெரியதை வெல்வது எவ்வாறு? எரிபொருள் எரியக் காற்று வேண்டும். மிகுந்த காற்று உட்புகுந்தால் மிகுந்த எரிபொருளை எரிக்கலாம். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிறது. இதுவே டர்போ. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். அத்தண்டு நிமிடத்திற்கு 1 இலட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலவல்லது. அதனைத் தாங்கி நிற்பது மெல்லியதோர் எண்ணெய்ப் படலமே.

அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடேறிய காற்று அடர்த்தி குறைந்தது. அன்றியும், எரிகலவை உரிய வேளைக்குப் புறம்பாகத் தானே வெடிக்கவும் தூண்டும். 'நாக்கிங்' எனப்படும் இவ்வெடிப்பு பிஸ்டனை உடைத்துவிடக்கூடும். ஆகவே காற்றைக் குளிர்விக்க 'இன்டர்கூலர்' அமைக்கப்படுகிறது. எஞ்சினின் அழுத்த விகிதமும் குறைக்கப்படுகிறது. டர்போ இல்லாத அந்த 155 திறன் எஞ்சினில் 9.5க்கு 1 என்றிருக்கும் விகிதம், இதில் 8.5க்கு 1. மேலும், இது ஜப்பானில் விற்கப்படும் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கென வகுக்கப்பட்டது. ஆதலின் தரம் குறைந்த பெட்ரோலை ஊற்றுவது ஆபத்து.

கடல் கடந்து வரும் எஞ்சின் ஆண்டுகள் பல கண்டது. அதனை முற்றாகப் பிரித்துப் புதுப்பித்த பின்னரே பொருத்துவது நன்று. உறுப்புகளைத் தூய்மைப்படுத்தி, அளக்க வேண்டும். சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர். அது மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவாக உள்ளதா எனக் கருவி கொண்டு சோதிப்பர். தேய்ந்திருந்தால் 'போரிங்' செய்து, சற்றுப் பெரிய பிஸ்டன்களை இடுவர். பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கிடையே சிறு இடைவெளி விடப்படும். டர்போ எஞ்சினில் வெப்பம் மிகுதியாதலின், அவ்விடைவெளி சற்றுக் கூடுதலாக இருத்தல் வேண்டும். இன்றேல் ரிங் விரிந்து முனைகள் முட்டி, பிஸ்டனே நொறுங்கும். மயிரிழை அளவில் நேரும் பிழை மாதக்கணக்கான உழைப்பை ஒரு நிமிடத்தில் அழித்துவிடும். போல்ட்டுகளைக் கைப்பழக்கத்தால் முடுக்காது, முறுக்குவிசை காட்டும் 'டார்க் ரெஞ்ச்' கொண்டு முடுக்குவதும் இதனாற்றான்.

உடலமைப்பு ஒன்றாதலின் எஞ்சின் தன் இடத்தில் இயல்பாகவே அமர்கிறது. எனினும் பழைய கியர்பாக்ஸ் இதனோடு பொருந்தாது; எஞ்சினுக்குரிய கியர்பாக்ஸையும் உடன் கொணர்தல் வேண்டும். பெட்ரோல் பம்ப், கிளட்ச், ரேடியேட்டர் ஆகியவை புதிய திறனைத் தாங்க வல்லவையா எனவும் ஆராய வேண்டும். வயரிங்கோ பொறுமையைச் சோதிப்பது. எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியையும் காரின் பழைய கம்பிகளையும் வரைபடம் பார்த்து ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும்.

முதன்முறை இயக்குமுன், பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவைத்து, ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சுழற்றுவர். எண்ணெய் எங்கும் பரவி, அழுத்தமானி அசைந்த பிறகே உயிர்ப்பிப்பர். தொடக்க நாட்களில் டர்போவின் முழு வலிமையையும் கேட்கலாகாது. முதல் எண்ணெயையும் விரைவில் மாற்றிவிடல் வேண்டும். புதிய உறுப்புகள் தேய்ந்து உதிர்த்த உலோகத் துகள்கள் அதில் கலந்திருக்கும்.

இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. 140 அல்லது 155 குதிரைத்திறனுக்கெனக் கணக்கிடப்பட்ட பிரேக்குகள், டயர்கள், சஸ்பென்ஷன் ஆகியவை 205க்கும் ஈடுகொடுக்குமா? ஓடும் ஆற்றலைப் பெருக்குவோன் நிற்கும் ஆற்றலையும் பெருக்கக் கடமைப்பட்டவன். சாலையில் அவன் மட்டும் செல்வதில்லை. குழந்தைகளும் முதியோரும் அதே சாலையைக் கடக்கின்றனர்.

சட்டமும் கருதத்தக்கது. கலிபோர்னியாவில் மாற்று எஞ்சின், காரின் ஆண்டினதோ அதற்குப் பிந்தியதோ ஆகவும், அங்குப் புகைத்தரச் சான்று பெற்றதாகவும் இருத்தல் வேண்டும். எஸ்.ஆர்.20டி.இ.டி. அமெரிக்காவில் விற்கப்பட்ட எந்தக் காரிலும் இடம்பெறவில்லை. எனவே, செம்மையாகப் பொருத்தப்பட்ட எஞ்சினும் அங்குச் சாலைக்குத் தகுதியற்றதாகிவிடக்கூடும். பணத்தைச் செலவிடுமுன் விதியை அறிவதே அறிவுடைமை.

மாணவச் செல்வங்களே! ஆற்றலைச் சேர்ப்பது பொறியியலின் பாதி; அவ்வாற்றலைத் தாங்கும் உறுதியையும் தடுக்கும் திறனையும் சேர்ப்பது மறுபாதி. அளந்து பார்க்கும் பொறுமை இவ்விரண்டுக்கும் அடிப்படை. அப்பொறுமையைப் பெற்றோர் எத்துறை புகினும் சிறப்பர்.