கிதாருக்கு ஒரு பழைய வால்வுப் பெருக்கி

கொச்சியின் மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி யூத ஆலயத்தை நோக்கிச் செல்லும் குறுகிய தெரு ஒரு காலத்தில் மிளகுக்கும் சுக்குக்கும் பெயர் பெற்றிருந்தது. இன்று அதன் இருமருங்கிலும் பழம்பொருட் கடைகளே மிகுதி. பித்தளை விளக்குகளுக்கும் மரப் பெட்டிகளுக்கும் நடுவே பழைய வானொலிப் பெட்டியோ, பொதுக்கூட்டங்களுக்குப் பயன்பட்ட வால்வுப் பெருக்கியோ தூசி படிந்து கிடப்பதுண்டு. கொச்சி இசைக்குப் புதிய ஊரன்று. 1954-இல் வெளிவந்த ‘நீலக்குயில்’ திரைப்படத்தில் பாடிய மெஹபூபும், 2018-இல் மறைந்த கசல் பாடகர் உம்பாயியும் இப்பகுதியின் மெஹ்ஃபில் மரபில் தோன்றியவர்கள். காயலுக்கு அக்கரையிலுள்ள எர்ணாகுளத்தில் ‘13 ஏ.டி.’ என்னும் ராக் இசைக்குழு 1980-களில் புகழ் பெற்றது. ஆகவே மின் கிதார் பயிலும் இளைஞர் ஒருவர் இத்தகைய பெருக்கியின் முன் நின்று, “இதை வாங்கலாமா?” என்று எண்ணுவதில் வியப்பில்லை. அந்த வினாவுக்கு விடை கூறுமுன் கருவியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

மின் கிதாரின் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச் சுருளும் உள்ளன. எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. இதனை ஒலிபரப்பியின் கூம்பை அசைக்கும் அளவுக்கு வளர்ப்பதே பெருக்கியின் வேலை. 1904-இல் ஃபிளெமிங் இருவாய் வால்வை அமைத்தார். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் அதில் ‘கிரிட்’ என்னும் மூன்றாவது வாயைச் சேர்த்தார். சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து நேர்மின்வாய்க்குப் பாயும் எலெக்ட்ரான் ஓட்டத்தை இடையிலுள்ள கிரிட், மடையின் பலகை நீரைக் கட்டுப்படுத்துவதுபோல் கட்டுப்படுத்துகிறது. கிரிட்டில் ஏற்படும் சிறு மாறுதல் பெரிய ஓட்டத்தில் பெரிய மாறுதலாக வெளிப்படுகிறது.

டிரான்சிஸ்டர் வந்தபின் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வால்வு விடைபெற்றுவிட்டது. கிதார்ப் பெருக்கியில் மட்டும் அது இன்னும் நிலைத்திருக்கிறது. சுலோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வுகள் உற்பத்தியாகின்றன. இதற்குக் காரணம் பழமை மீதுள்ள மோகம் மட்டுமன்று. தாங்கும் எல்லையை மீறி அலையைச் செலுத்தினால், சாதாரண டிரான்சிஸ்டர்ப் பெருக்கி அதன் முடியைக் கத்தியால் வெட்டினாற்போல் தட்டையாக்கும். வால்வோ முடியைச் சிறிது சிறிதாக வளைக்கிறது. இந்த வளைவினால் மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் தோன்றுகின்றன. ஒற்றை வால்வுப் படியில் இரண்டாம் மேற்சுரம் மேலோங்கும். அது மேல் ஸட்ஜமே ஆதலால் காதுக்கு உறுத்துவதில்லை. இரண்டு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் இறுதிப் படியில் இரட்டைப்படை மேற்சுரங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, மூன்றாவது முன்வரும். அது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். பிழை என்று வானொலிப் பொறியாளர் தள்ளியதையே கிதார்க் கலைஞர் இனிமை என்று தேடிக்கொண்டார்.

மேல்நாட்டில் இதற்கெனவே பெருக்கிகள் செய்யப்பட்டன. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்தாரின் அமைப்பை அடியொற்றி இலண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல் தமது முதல் பெருக்கியை உருவாக்கினார். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிகுந்திருந்த காலத்து இந்தியாவில் இவை எளிதில் கிடைக்கவில்லை. இங்குப் பெருகியவை வேறு வகையின: 1940-இல் தில்லியில் தொடங்கப்பெற்ற அகுஜா போன்ற நிறுவனங்களின் பொதுக்கூட்டப் பெருக்கிகளும், மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் வானொலிப் பெட்டிகளும். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் வானொலி வால்வுகளை உள்நாட்டிலேயே தயாரித்தது. எனவே மட்டாஞ்சேரிக் கடையில் மார்ஷலைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். திருவிழாவிலும் தேர்தலிலும் உழைத்த பொதுக்கூட்டப் பெருக்கியைத் தேடுவோர் பயன் பெறலாம். உள்ளமைப்பில் இரண்டும் நெருங்கிய உறவினரே.

வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது வண்ணமும் பெயர்ப்பலகையும் அல்ல. மின்மாற்றி உண்டா என்பதே. பழைய வானொலிப் பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. ஒரு காலத்தில் நம் நகரங்கள் சிலவற்றில் நேர்மின்சாரமே வழங்கப்பட்டமையால், இருவகை மின்சாரத்திலும் இயங்கும் பெட்டிகள் விற்கப்பட்டன. அவற்றில் ‘சாசி’ எனப்படும் உலோகத் தளம் மின்வழங்கலின் ஒரு கம்பியுடன் நேராக இணைந்திருக்கும். இருமுனைச் செருகியைத் திருப்பி மாட்டினால் தளம் முழுவதிலும் 230 வோல்ட் ஏறிவிடும். மரப்பெட்டிக்குள் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. ஆனால் கிதாரை இணைத்தால் கதை வேறு. கிதாரின் எஃகுக் கம்பிகள் இணைப்பு வடத்தின் வெளிக்கவசம் வழியாகச் சாசியுடன் தொடர்பு கொண்டவை. வாசிப்பவரின் விரல்கள் அக்கம்பிகள் மீது உள்ளன. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு அது மரணமாக முடியலாம். இத்தகைய பெட்டியைக் கிதாருக்குப் பயன்படுத்தவே கூடாது.

இவற்றைப் பிரித்தறிய வால்வின் பெயரே உதவும். பிலிப்ஸ், முல்லார்டு முறையில் முதலெழுத்து சூடேற்றும் இழையைக் குறிக்கும். ‘இ’ என்றால் 6.3 வோல்ட், ‘யூ’ என்றால் 100 மில்லிஆம்பியர் தொடர் இணைப்பு. யூசிஎச் 81, யூஎல் 84, யூஒய் 85 என ‘யூ’ வரிசை வால்வுகள் அமர்ந்திருந்தால் மின்மாற்றியற்ற பெட்டி என்றே கொண்டு விலகிவிடலாம். இசிசி 83, இஎல் 34, ஜிஇசட் 34 போன்றவை கண்ணில் பட்டால் மேலே ஆராயலாம். ‘சிசி’ இரட்டை மும்முனை வால்வையும், ‘எல்’ ஆற்றல் வால்வையும், ‘இசட்’ முழுஅலைத் திருத்தியையும் குறிக்கும். இரண்டு இஎல் 84 இருந்தால் ஏறக்குறைய 12 முதல் 15 வாட் வரை எதிர்பார்க்கலாம். இரண்டு இஎல் 34 எனில் 35 முதல் 50 வாட். வாட் எண்ணிக்கைக்கு மிகுந்த விலை கொடுப்பதில் பொருளில்லை. ஆற்றல் இரட்டித்தால் ஒலி 3 டெசிபலே உயரும். வீட்டுக்கு 15 வாட்டே அதிகம் என்று அண்டைவீட்டார் கூறுவர்.

வால்வும் மின்தேக்கியும் தேய்பொருள்கள், மாற்றிவிடலாம். கருவியின் உண்மையான மதிப்பு அதன் மின்மாற்றிகளில், சிறப்பாக இறுதி வால்வுகளை ஒலிபரப்பியுடன் இணைக்கும் வெளியீட்டு மின்மாற்றியில் உள்ளது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில் இதனை ஐயத்துடன் நோக்குவதே முறை. அதன் முதன்மைச் சுருள் தலைமயிர்போல் மெல்லிய செம்புக் கம்பியால் ஆனது; அதன்மீது எப்போதும் 300, 400 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். காற்றிலுள்ள ஈரமும் உப்பும் காகிதக் காப்பினுள் புகுந்தால், மின்பகுப்பு நிகழ்ந்து கம்பி பச்சைபூத்து அறுந்துபோகிறது. செருகியைப் பிடுங்கி, மின்தேக்கிகள் வெறுமையாக உள்ளனவா எனப் பார்த்தபின், நடுமுனைக்கும் ஒவ்வொரு நேர்மின்வாய்க்கும் இடையே ஓம்மீட்டரால் அளக்கலாம். நூறு முதல் சில நூறு ஓம் வரை இருபுறமும் ஏறக்குறைய ஒத்திருப்பின் நன்று. முள் அசையாவிடில் சுருள் அறுந்துள்ளது என்று பொருள். மறுபடி சுற்ற இயலும். ஆயினும் இதன் சுருள்கள் அடுக்கடுக்காகப் பிரித்துச் சுற்றப்பட்டவை. மோட்டார் சுற்றுவோர் அனைவரும் இதனைச் செய்யவல்லவர் அல்லர்.

எதையும் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் நிற்கும். 450 வோல்ட் ஏறிய 50 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் ஏறத்தாழ 5 ஜூல் ஆற்றல் உள்ளது. மனிதனைத் தூக்கியெறிய அது போதும். தகுந்த தடை வழியாக அதனை வடித்து, மீட்டரால் சரிபார்த்த பின்னரே கை வைக்கலாம். இப்பணியில் பழக்கமில்லாதவர், வால்வு வானொலி பழுதுபார்த்த அனுபவமுள்ளவரை உடன் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. அந்தத் தொழில் அறிந்த முதியோர் அருகி வருகின்றனர். கருவியைத் தேடுமுன் அவர்களைத் தேடுதல் நன்று.

கடையிலேயே செருகியை மாட்டி, “விளக்கு எரிகிறதே” என்று காட்டுவதைச் சோதனை எனக் கொள்ளலாகாது. பல்லாண்டு உறங்கிய பெருக்கியை முழு மின்னழுத்தத்தில் எழுப்பினால், உலர்ந்த மின்தேக்கி வெடிக்கவும் மின்மாற்றி கருகவும் கூடும். மின்பணியாளர் அனைவரும் அறிந்த சீரிஸ் விளக்கே இங்கு உற்ற துணை. 60 அல்லது 100 வாட் இழைவிளக்கு ஒன்றைப் பெருக்கியுடன் தொடராக இணைக்க வேண்டும், எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. முதலில் வால்வுகளைக் கழற்றிவிட்டு இயக்கும்போது விளக்கு மங்கலாகவே இருத்தல் வேண்டும். பளிச்சென எரிந்து நின்றால் மின்மாற்றியிலோ அதன் இணைப்பிலோ குறுக்குச்சுற்று உண்டு. சோதனை அங்கேயே முடிந்தது. வால்வுகளைப் பொருத்திய பின் விளக்கு ஒரு கணம் ஒளிர்ந்து தணிவது நல்ல அறிகுறி. இவ்வளவுக்கும் முன்னர் ஒலிபரப்பி உரிய முனையில் இணைந்திருக்க வேண்டும். சுமையின்றி ஒலி செலுத்தினால் வெளியீட்டு மின்மாற்றியின் காப்பு துளைபட்டுவிடும். பொதுக்கூட்டப் பெருக்கியில் 4, 8, 16 ஓம் முனைகளுடன் 100 வோல்ட் முனையும் இருக்கும். அது தொலைவிலுள்ள கூம்புக் குழாய்களுக்கு உரியது. 8 ஓம் ஒலிபரப்பியை அதில் மாட்டுவது வால்வுகளை வதைப்பதாகும்.

இனிக் கண்ணுக்கு வேலை. வால்வின் உச்சியிலுள்ள வெள்ளிப்பூச்சு பால்வெண்மையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. கண்ணாடியின் உட்பரப்பில் ஒட்டிய நீலஒளி தீங்கற்றது. மின்வாய்களுக்கிடையே இளஞ்சிவப்பு மூட்டம் தோன்றினால் வால்வு பழுது. நேர்மின்வாய்த் தகடு செக்கச் சிவந்தால் உடனே நிறுத்த வேண்டும். வால்வையே குறைகூறுவர் பலர். பெரும்பாலும் குற்றவாளி அதற்கு முந்திய இணைப்பு மின்தேக்கி. ஈரம் குடித்த காகித மின்தேக்கியின் கசிவுத்தடை 5 மெகோமாகக் குறைந்தது என்று கொள்வோம். அதன் ஒருபுறம் 200 வோல்ட்டும் மறுபுறம் 220 கிலோஓம் கிரிட் தடையும் இருப்பின், கிரிட்டில் 8 வோல்ட்டுக்கு மேல் தவறாக ஏறும். எதிர் 35 வோல்ட்டில் அடங்கியிருக்க வேண்டிய இஎல் 34 அப்போது கட்டுமீறி ஓடுகிறது. சில ரூபாய் மின்தேக்கியை மாற்றாமல் விலையுயர்ந்த வால்வுகளை மாற்றுவது வீண்செலவு. பழைய காகித மின்தேக்கிகளையும் மின்பகு மின்தேக்கிகளையும் சோதித்துப் பார்ப்பதைவிட முழுவதும் மாற்றிவிடுவதே மேல்.

அடுத்துக் காதுக்கு வேலை. பெருக்கி ரீங்கரித்தால் அதன் சுருதியைக் கிதாரைக் கொண்டே அளக்கலாம். ஆறாவது கம்பியின் மூன்றாம் கட்டை 98 சுழற்சி. நம் நாட்டு மின்சாரம் 50 சுழற்சி; முழுஅலைத் திருத்தியின் பின் எஞ்சும் அலை 100. ரீங்காரம் அச்சுரத்தைவிட இம்மி கூடுதலாக ஒலித்தால் வடிமின்தேக்கி தளர்ந்துள்ளது. ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால் சூடேற்றும் இழையின் இணைப்பிலோ நிலத்தொடர்பிலோ குறை தேட வேண்டும். ஒலிக்கட்டுப்பாட்டைத் திருப்பும்போது எழும் கரகரப்பு அழுக்கினால் வருவது. அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் அதற்காகக் கருவியைக் கைவிட வேண்டியதில்லை. மரப்பென்சிலால் வால்வைத் தட்டும்போது மணியோசை கேட்டால், அந்த ஒரு வால்வை மாற்றினால் போதும்.

கிதாரைப் பளிங்கு ஒலிவாங்கிக்குரிய உள்ளீட்டில் இணைத்தல் நலம். உயர்தடையுள்ள அது கிதாரின் சுருளுக்குப் பொருந்தும். கிராமபோன் உள்ளீட்டில் ஒலி தாழ்ந்தே வரும். 10 அல்லது 12 அங்குலக் கூம்பு ஒலிபரப்பியே தக்கது. கோயில் கூரையிலிருந்து இறக்கிய தகரக் குழாயில் மின்கிதார் தேள்கொட்டியவர் அலறுவதுபோல் ஒலிக்கும். கப்பல் வழி வந்த அமெரிக்கப் பெருக்கி யாரிடமாவது கிடைத்தால், 117 வோல்ட்டுக்கு இறக்கும் மின்மாற்றி வேண்டும். 60 சுழற்சிக்கே திட்டமிடப்பட்ட மின்மாற்றி நம் 50 சுழற்சியில் கூடுதலாகச் சூடேறும் என்பதையும் கருத வேண்டும். எவ்வகையாயினும் மூன்றுமுனைச் செருகியும் நிலக்கம்பியும் உருகியும் பொருத்தாமல் வாசித்தல் கூடாது.

பழுது நீக்கியபின் சீரிஸ் விளக்கை அகற்றி, முழு மின்னழுத்தத்தில் ஒருமணி நேரம் வாசித்துப் பார்க்க வேண்டும். பின் செருகியைப் பிடுங்கி, மின்மாற்றிகளின் மேலுறையைப் புறங்கையால் தொட்டு உணரலாம். சூடு பொறுக்குமளவே இருந்தால் கவலையில்லை. தார் உருகும் மணம் வந்தால் மீண்டும் பட்டறைக்கே. இடவப்பாதி மழை தொடங்கியபின் கருவியைத் துணியால் மூடி மூலையில் வைத்துவிடுவது கொச்சியில் பெருந்தவறு. வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் அதனை இயக்கினால், வால்வுகளின் வெப்பமே பெட்டிக்குள் தங்கிய ஈரத்தை வெளியேற்றிவிடும்.