என் கணினியில் ஓடுகிறதே!

தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வெற்றிலை வியாபாரிகளுக்குத் தமிழிலேயே ரசீது அச்சிடும் செயலி ஒன்றைக் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது மடிக்கணினியில் அது குறையின்றி ஓடுகிறது. கடையின் மேசைக் கணினியிலோ திறக்கவே மறுக்கிறது. 'என் கணினியில் ஓடுகிறதே!' என்பார் மாணவர். அவர் சொல்வது உண்மைதான். ஆனால், வியாபாரிக்கு அதனால் பயனில்லை. சில நாள் பார்த்துவிட்டுப் பழைய ரசீதுப் புத்தகத்தையே மீண்டும் கையில் எடுத்துவிடுவார்.

எந்தச் செயலியும் தனித்து ஓடுவதில்லை. பிறர் எழுதிய நூலகங்கள், எழுத்துருக்கள், இயங்குதளத்தின் வசதிகள் எனப் பலவற்றைச் சார்ந்தே ஓடுகிறது. எழுதியவரின் கணினியில் இவை எப்போதோ நிறுவப்பட்டு, அவர் கண்ணில் படாமலேயே இருக்கும். செயலியை நிறுவல் கோப்பாகப் பொதியும்போது அவற்றில் ஒன்று விடுபட்டாலும் சிக்கல்தான். 'விசிரன்டைம்140.டிஎல்எல் கிடைக்கவில்லை' என்று விண்டோஸ் சொன்னால், மைக்ரோசாஃப்டின் சி++ இயக்க நூலகம் அந்தக் கணினியில் இல்லை என்று பொருள். செயலியின் கணக்கில் தவறில்லை. கடையில் இருப்பது விண்டோஸ் 7 என்றால் வேறொரு தடை உண்டு. பைதான் மொழியின் 3.9 முதலான பதிப்புகள் அதில் இயங்கா. எனவே, பயனர்களிடம் உள்ள மிகப் பழைய இயங்குதளம் எது என்று முதலிலேயே கேட்டறிந்து, அதற்கேற்பச் செயலியை உருவாக்குவதே அறிவுடைமை.

இவை உலகப் பொதுவான தொல்லைகள். தமிழுக்கென்றே உள்ளவை இவற்றைவிட நுட்பமானவை.

ஆத்தூருக்கு அருகிலுள்ள கொற்கையின் பெயரில் ஒரு கணக்குக் கோப்பு இருப்பதாகக் கொள்வோம். 'கொ' என்பதை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், அல்லது கொம்பையும் காலையும் இரு குறியீடுகளாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை இரண்டாம் வகையிலேயே பெயரைச் சேமித்தது. அங்கே பொதியப்பட்டு இங்கே பிரிக்கப்பட்ட செயலி, கண்ணெதிரே இருக்கும் கோப்பைக் 'காணவில்லை' என்று சாதிக்கும்!

அதனினும் தொல்லை தருவது, பிழைச்செய்தியே வராத பிழை. 'வெற்றிலை' என்ற சொல்லில் கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். குறியீட்டு வரிசையிலோ அது பின்னால் வருகிறது. இடம் மாற்றி அழகுறக் கோத்துத் தருவது எழுத்து வடிவமைப்பு நூலகத்தின் வேலை. படம் வரையப் பயன்படும் 'பில்லோ' என்ற பைதான் நூலகம் இதற்காக 'ராக்ம்' என்பதையும், அது 'ஃபிரிபிடி' என்பதையும் நாடுகின்றன. கடைசிக் கண்ணி இல்லையெனில், பில்லோ ஓசையின்றி எளிய முறைக்கு மாறிவிடும். ரசீது அச்சாகும், கொம்பு மட்டும் வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இது என்றுமே தெரியவராது.

'சார்மேப்' என்ற சொல்லுடன் வரும் பிழையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கோப்பின் குறியாக்கத்தை நிரலில் குறிப்பிடாவிட்டால், லினக்ஸில் பைதான் பொதுவாக யுடிஎஃப்-8 என்று கொள்கிறது. விண்டோஸில் நெடுங்காலமாக மேற்கத்திய எழுத்துகளுக்கான பழைய அட்டவணையையே எடுத்துவந்தது. அதில் தமிழுக்கு இடமில்லை. நிரலில் ஒரு சொல் சேர்த்தால் தீரும் குறை இது.

காரணத்தைக் கண்டறிய முதல் தேவை, பிழைச்செய்தியை முழுமையாகப் படிப்பது. ஐம்பது வரி ஓடினால் கடைசி வரியைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. உண்மையான காரணம் பெரும்பாலும் முதலில் வந்த பிழையிலேயே இருக்கும். பின்வருபவை அதன் எதிரொலிகள். அடுத்தது, நிரலாக்கக் கருவிகள் எதுவும் இல்லாத புதிய கணினியிலோ மெய்நிகர்க் கணினியிலோ நிறுவிப் பார்ப்பது. பயனர் பெயரைத் தமிழில் வைத்துச் சோதிப்பது இன்னும் நல்லது. பல கருவிகள் அந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

'வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவுங்கள்' என்று சொல்வது மட்டும் கூடாது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட 'எக்ஸ்இசட்' விவகாரத்தில், நச்சு நிரலை இயக்கிவைக்கும் பகுதி பொதுவெளியில் இருந்த மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. தொலைநுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைத் தோண்டியெடுத்தார். மூல நிரல் தூயதாக இருந்தாலும் பொதி கெட்டுப்போகலாம் என்னும்போது, காவலைக் கழற்றச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

நம் கல்லூரிகளில் மாணவர் செயல்திட்டங்கள், எழுதிய கணினியிலேயே இயக்கிக் காட்டப்பட்டு மதிப்பெண் பெறுகின்றன. நிறுவல் கோப்பை மட்டும் வாங்கி, தேர்வாளர் தம் கணினியில் நிறுவிப் பார்த்து மதிப்பிடலாமே. அதற்குப் பாடத்திட்டத்தை மாற்றக்கூட வேண்டியதில்லை.