தனியே நெடுந்தூரம் கார் ஓட்டினால் கண் சொக்குவது ஏன்?

சென்னையிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். மறுநாள் கருத்தரங்குக்காகத் தனியே காரில் கிளம்பும் ஒருவர் உளுந்தூர்பேட்டை வரை உற்சாகமாகவே இருப்பார். சேலத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் இமை கனக்கத் தொடங்கும். பழியைச் சாப்பாட்டின் மீது மட்டும் போடுவது நியாயமில்லை.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. மூளையை ஒரு பேருந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். அடினோசின் ஏறி உட்கார உட்காரத் தூக்கம் அழுத்தும். காபியிலுள்ள காஃபீன் அந்த இருக்கைகளில் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது. அடினோசின் நின்றுகொண்டே வருகிறது, இறங்குவதில்லை. துண்டு விலகியதும் மொத்தக் கூட்டமும் உட்கார்ந்துவிடும். கூட்டத்தை இறக்கிவிடத் தூக்கத்தால்தான் முடியும்.

பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை உடல் கடிகாரமே சற்று மந்தமாகிறது. நான்குவழிச் சாலையில் வளைவும் குறைவு, பேச்சுத்துணையும் இல்லை. மூளைக்குப் புதிதாக வேலை எதுவும் வருவதில்லை.

அப்போது வருவதுதான் நொடித்தூக்கம். கண் திறந்திருந்தாலும் மூளை சில நொடிகள் தூங்கிவிடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடி என்றால், கார் 110 மீட்டருக்கு மேல் ஓட்டுநரே இல்லாமல் ஓடுகிறது! பாட்டுச் சத்தமும் முகத்தில் அடிக்கும் காற்றும் இதைத் தடுக்கும் என்று நம்புவது ஆபத்து.

பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, காபி குடித்து, உடனே 20 நிமிடம் தூங்குவது நல்ல வழி. காஃபீன் வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அதற்குள் கூட்டம் ஓரளவு இறங்கியிருக்கும்.