உஷார்! கூட்ஸ் வண்டிக்கு மேலே கம்பி ஓடுகிறது

தம்பி, கூட்ஸ் வண்டியில் ஏறாதே. காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் இதைக் காதில் போட்டுக்கொள்.

டியூசனுக்கு வரும் ஐந்தாம் படிவப் பையன் ஒருவன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். அமெரிக்காவில் எங்கோ ஒரு வறண்ட வெளி. தாடிக்கார இளைஞன் ஒருவன் சரக்குப் பெட்டியின் வாசலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான், பின்னணியில் கிதார் சத்தம். "சார், நம்ம ஊர்லயும் சிமெண்டு வண்டி ராத்திரில நிக்குது சார். ஏறினா பட்டர்வொர்த். காசே வேணாம்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் வண்டி எத்தனை மணிக்கு நிற்கிறது, வேலி எங்கே கிழிந்திருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. விளையாட்டுக்குப் பேசுகிறவன் வேலியைப் போய்ப் பார்த்துவிட்டு வரமாட்டான். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். அப்பாவின் குடியோ, எஸ்பிஎம் பரீட்சைப் பயமோ, காதலோ, "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்" என்ற பாட்டோ, ஏதோ ஒன்று. எதுவாக இருந்தாலும் அது சின்ன விஷயமென்று நான் சொல்லப்போவதில்லை. பதினேழு வயதில் எதுவும் சின்னதில்லை.

இப்போது கம்பிக்கு வருகிறேன். ரவாங்கிலிருந்து ஈப்போ வரை இரட்டைத் தண்டவாளம் போட்டு மின்மயமாக்கும் வேலை 2008ல் முடிந்தது. ஈப்போவிலிருந்து தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை 2014ல் முடிந்தது. இடிஎஸ் மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டரில் வழுக்கிக்கொண்டு போகிறதே, அதற்குத் தீனி போடும் மேல்கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். உன் வீட்டுச் சுவரில் இருப்பது 240. அந்த 240க்கே ஆள் போய்விடுகிறது.

பையன்கள் ஏமாறுவது எங்கே தெரியுமா? கூட்ஸ் வண்டியை டீசல் இஞ்சின் இழுக்கிறது. டீசல்தானே, கரண்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார்கள். வண்டி டீசலாக இருக்கலாம், அது ஓடும் பாதை மின்சாரப் பாதை. உன் தலைக்கு மேலிருக்கும் கம்பிக்கு, கீழே வந்து நிற்பது இடிஎஸ்ஸா சிமெண்டு வண்டியா என்ற கவலை கிடையாது. கடைசி இடிஎஸ் போனதும் கரண்டை அடைத்துவிடுவார்கள் என்று ஒருவன் என்னிடம் அடித்துச் சொன்னான். யாரப்பா உனக்குச் சொன்னது? அந்தக் கம்பியில் இரவும் பகலும் உயிர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் ரயில்வே ஊழியர்களே அதன் பக்கம் நடமாடுவார்கள்.

இன்னொன்று. அந்தக் கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக் கரண்டு தொட்டால்தான் அடிக்கும். இது கிட்டே போனாலே காற்றைத் தாண்டிப் பாயும். கண்டெய்னர் மேலோ எண்ணெய் டாங்கி மேலோ ஏறி நிமிர்ந்து நின்றால் போதும், செல்பிக்குக் கையைத் தூக்கினால் போதும். நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில் மேல் ஏறிப் படம் எடுக்கப்போய்க் கருகிப்போன மாணவர்களைப் பற்றி இந்தியப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வரும். ஓடாத வண்டிகள் அவை.

மேலே ஏறாமல் இரண்டு பெட்டிக்கு நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறாயா? இஞ்சின் கிளம்பும்போது எல்லாப் பெட்டியும் ஒன்றாக நகராது. கொக்கிக்குக் கொக்கி கொஞ்சம் தளர்ச்சி இருக்கும். முதல் பெட்டி இழுபட்டு, பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று அந்த இழுப்பு வரிசையாக வந்து கடைசிப் பெட்டியில் இடிபோல விழும். தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஈப்போ புந்தோங்கில் சின்ன வயதில் அதைக் கேட்டுத்தான் நான் விழித்துக்கொள்வேன். அந்த உதறலில் பிடி விட்டால் விழுமிடம் சக்கரத்துக்கு முன்னால். அமெரிக்கக் காணொளியில் வரும் கதவுவைத்த பெட்டியும் இங்கே லேசில் கிடைக்காது. நம் பாதையில் அதிகம் ஓடுவது தட்டையான கண்டெய்னர் வண்டியும் சிமெண்டு வண்டியும்தான். கண்டெய்னர் இருக்கும் வண்டியில் ஓரத்தில் கால்வைக்கத் தளம்கூட இருக்காது, நடுவில் பார்த்தால் தரை ஓடிக்கொண்டிருக்கும்.

ஈப்போவிலிருந்து வடக்கே போனால் என்ன வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட், கோலகங்சார், பாடாங் ரெங்காஸ். அதைத் தாண்டினால் புக்கிட் பெராப்பிட் சுரங்கப்பாதை, 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். சன்னல் இல்லாத குழாய்க்குள் டீசல் புகையோடு நீ. தைப்பிங் தாண்டினால் புக்கிட் மேரா ஏரிக்கு மேல் மறுபடி 3 கிலோமீட்டருக்கு மேல் பாலம். இடிஎஸ் சன்னலோரத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்த ஏரி அவ்வளவு அழகு, நானே இரண்டு தடவை அதற்காகவே போயிருக்கிறேன். பெட்டியின் ஓரத்தைப் பிடித்துத் தொங்குகிறவனுக்கு அது வெறும் தண்ணீர்.

சரி, எல்லாம் தப்பித்துப் போய்ச் சேர்ந்தாய் என்றே வைப்போம். எங்கே சேர்வாய்? கூட்ஸ் வண்டி ஊருக்குள் போவதில்லை. பயணிகள் வண்டிக்கு வழிவிட்டு ஏதோ ஒரு செம்பனைத் தோட்டத்தின் நடுவில் மணிக்கணக்கில் நிற்கும். கடைசியில் பட்டர்வொர்த் கண்டெய்னர் முனையத்துக்கோ கிள்ளான் துறைமுகத்துக்கோ பாடாங் பெசார் எல்லைக்கோ போகும். மூன்றிலும் வேலி, கேமரா, காவலர், சுங்கத்துறை. சுதந்திரம் தேடிப் புறப்பட்டவன் நேராகக் காவலரின் டார்ச்லைட்டில் போய் நிற்பான். ரயில் நிலத்துக்குள் அத்துமீறி நுழைவதே குற்றம், பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்டினால் வேறு வழக்கு.

அந்த அமெரிக்கக் கதையையும் முழுதாகக் கேள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அங்கே இரண்டரை லட்சம் பதின்ம வயதினர் சரக்கு ரயிலேறி அலைந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். கிதாரோடு ஊர்சுற்றப் போனவர்கள் இல்லை அவர்கள், பெரும்பாலும் வீட்டில் சோறு இல்லாமல் வேலை தேடிப் போனவர்கள். கால் போனவர்கள், கை போனவர்கள், பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்கள் காணொளியில் வரமாட்டார்கள். அதே வருடங்களில்தான் இங்கே மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

கூட்ஸ் வண்டிக் கதை நமக்கொன்றும் புதிதில்லை. இந்த நாட்டின் முதல் ரயில் 1885ல் பேராக்கில்தான் ஓடியது, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரைக்கும். சிலோனிலிருந்து ஆள் கொண்டுவந்து போட்ட பாதை. பிறகு 1942, 43ல் ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக வந்தான். நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை, அரிசி கிடைக்கும் என்றான். லயத்து வாலிபர்கள் கூட்ஸ் பெட்டிகளில் ஏறினார்கள். சிலர் ஏற்றப்பட்டார்கள். வீட்டில் கோபித்துக்கொண்டு ஏறியவர்களும் அதில் இருந்தார்கள் என்று என் தாத்தா சொல்வார். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத்தான் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்துப் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. "வா, வேலை இருக்கிறது, வண்டி தயாராக நிற்கிறது" என்ற வார்த்தையைக் கேட்டால் நம் வீட்டுக் கிழவிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

அந்த வார்த்தையைச் சொல்கிறவன் இன்றும் இருக்கிறான், டெலிகிராமில். 2022 ஜனவரியில் ஈப்போ இளைஞர் ஒருவர், இணையத்தில் பழக்கமான பெண்ணைப் பார்க்கப்போகிறேன் என்று பேங்காக் கிளம்பினார். வயது 23. சில நாளில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். மே மாதம் பர்மா எல்லையிலுள்ள மேசோட் மருத்துவமனையில் இறந்துபோனார். குடும்பத்துக்கு அது தெரியவந்தது செப்டம்பரில். வேலை என்றோ காதல் என்றோ ஏமாற்றி ஆளைக் கொண்டுபோய், அடித்து, உலகத்தை ஏமாற்றும் வேலையைச் செய்யவைக்கும் கும்பல்கள் அந்தப் பக்கம் குவிந்துகிடக்கின்றன. ஐநா மனித உரிமை அலுவலகம் 2023ல் போட்ட மதிப்பீடு: பர்மாவில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படி அடைபட்டிருக்கலாம். இந்தக் கும்பல்கள் தேடுவது யாரை? கோபத்தில் வீட்டை விட்டு வந்து, யாருக்கும் சொல்லாமல், கையில் காசில்லாமல் நிற்பவனைத்தான். அவனைத் தேடி யாரும் உடனே வரமாட்டார்கள் என்பது அவர்களுக்கு வசதி.

நானும் ஓடியவன்தான். பதினேழு வயதில், பரீட்சை முடிவைப் பார்த்து அப்பா கையை ஓங்கிய அன்று, லோரிக்காரர் ஒருவரைக் கெஞ்சிப் பட்டர்வொர்த் போனேன். பெர்ரி துறையில் இரண்டு இரவு. இரண்டாம் நாள் மாலை ஓர் அண்ணன் வந்தார், மீ கோரேங் வாங்கிக் கொடுத்தார், படகில் வேலை இருக்கிறது என்றார். சாப்பிட்டு முடித்ததும், "ஐசியைக் கொடு, தொலைச்சிடுவ, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். ஏனோ அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தவன் பஸ் நிலையம் வரைக்கும் நிற்கவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அங்கே இருந்திருக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். உன் ஐசியை, பாஸ்போர்ட்டை, வங்கி அட்டையை "நான் வைத்திருக்கிறேன்" என்று கேட்பவன் யாராக இருந்தாலும் எழுந்து ஓடு. வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் இரவல் கேட்பவனும் அதே ஆள்தான். மோசடிப் பணம் உன் பெயரில் போகும், போலீஸ் உன் வீட்டுக்கு வரும்.

அப்படியானால் அடி வாங்கிக்கொண்டு வீட்டிலேயே கிட என்கிறேனா? இல்லை. இருக்கவே முடியாத வீடுகள் உண்டு. அப்படியென்றால் வெளியே வா, ஆனால் வாசல் வழியாக வா. ஐசி கையில் இருக்கட்டும். போகுமிடத்தை ஒருவருக்காவது சொல்லிவிட்டு வா, அத்தையோ ஆசிரியரோ கோயில் பூசாரியோ. அடி, பட்டினி, இன்னும் சொல்லக் கூசும் கொடுமை என்றால் 15999க்கு அழை. தாலியான் காசே என்ற அந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பதினெட்டு வயதுக்குள் இருந்தால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி உன்னைப் பாதுகாக்கும் கடமை சமூகநலத் துறைக்கு இருக்கிறது. வாழவே பிடிக்கவில்லை, தண்டவாளத்தின் பக்கம் போவதே அதற்காகத்தான் என்றால், தயவுசெய்து இப்போதே பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929ல் கூப்பிடு. தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று முதலிலேயே கேள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023ல் நீக்கிவிட்டார்கள். சொன்னால் ஜெயிலில் போடுவார்கள் என்ற பயம் இனி வேண்டாம்.

பெற்றவர்களே, பிள்ளை காணவில்லை என்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது சினிமாவில் வரும் கதை. அப்படி ஒரு விதி இங்கே இல்லை. உடனே போலீசில் ரிப்போர்ட் செய்யலாம், செய்யவேண்டும். மானம் போய்விடும், சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று முதல் இரவை மூடி மறைக்கிறீர்களே, அந்த ஓர் இரவில் பிள்ளை எல்லைக்கே போய்விடலாம்.

எனக்கு வேறொரு வருத்தம் இருக்கிறது. தோட்டத்தில் இருந்தவரை பிள்ளைகள் ஓடிப்போகாமலா இருந்தார்கள்? தினம் ஒருவன் ஓடினான். அப்பன் பெல்ட்டை எடுத்ததும் லயத்தின் கோடி வீட்டுப் பாட்டியிடம் ஓடுவான், நாலு வாசல் தள்ளி. பாட்டி சோறு போட்டுப் படுக்கவைப்பாள். மறுநாள் விடியற்காலை பால்வெட்டப் போகும்போது தகப்பனும் வந்து அசடு வழிய நிற்பான். தோட்டங்கள் விற்கப்பட்டு, மரங்கள் சாய்ந்து, லயம் இடிந்து, அந்த ஜனங்கள் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போ ஓரங்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளில் ஏறினார்கள். இரும்புக் கம்பிக்கதவு, அதற்கு ஒரு பூட்டு. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. கோபம் வந்த பையனுக்கு ஓட நாலு வாசல் இல்லை. அதனால்தான் சிமெண்டு வண்டி அவன் கண்ணில் படுகிறது.

டியூசன் பையன் இப்போதைக்கு வருகிறான். என் வீட்டுச் சாவி ஒன்றை அவனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். எந்த நேரமும் வரலாம், ஹாலில் பாய் இருக்கிறது, கேள்வி கேட்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அம்மாவுக்கும் இது தெரியும்.

உங்கள் மாடியிலும் இப்படி ஒருவன் இருப்பான். இரவு பதினோரு மணிக்கு அவன் கதவைத் தட்டினால் திறந்துவிடுங்கள். முதலில் சோறு போடுங்கள், பிறகு அவன் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.