தன்னார்வலரின் ஒரு மணி நேரம் எத்தனை ரூபாய்?

மார்ச் 31 நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி: ஊழியர்கள் தொண்டு நிறுவனங்களில் உழைத்த நேரத்தை ரூபாயாக்கி சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) செலவில் சேர்க்கலாமா? கூடாது. கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு கேட்பது செலவழித்த பணத்தை. ஊழியர்களின் இலவச உழைப்பு இந்தக் கணக்கில் வராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2016-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ஆண்டறிக்கைகளில் ‘தன்னார்வ உழைப்பின் மதிப்பு’ என்று பெரிய தொகைகள் அச்சாகின்றன. அந்தத் தொகை பிறக்கும் விதம்தான் கவலை தருகிறது.

20 மென்பொருள் ஊழியர்கள் ஒரு சனிக்கிழமை பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 4 மணி நேரம், மொத்தம் 80. அவர்களுடைய சம்பளத்தை வைத்து மணிக்கு 1,000 ரூபாய் போட்டால் 80,000. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011 கையேடு சொல்வதுபோல், அதே வேலைக்குக் கூலி கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்து மணிக்கு 125 போட்டால் 10,000. கைதேர்ந்த பெயின்டர் அதை 16 மணி நேரத்தில் முடித்துவிடுவார் என்றால் 2,000. சுவர் என்னவோ ஒன்றுதான். முதல் இரண்டு கணக்கிலும் வேலை இழுக்க இழுக்க மதிப்பு ஏறுகிறது. பட்டி பார்க்காமல் அடித்த பெயின்ட் உதிர்ந்து, மறுபடி அடித்தால் இரட்டிப்பாகிறது.

எண் இல்லாவிட்டால் உழைப்பே கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புரட்டிவிட்டு, படுக்கைப் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடும் பெண்ணின் உழைப்பு எந்தப் பேரேட்டிலும் இல்லை, அது அநியாயம்தான். ஆனால் கூலியால் பெருக்குவது அவருக்கு நியாயம் செய்யாது. பராமரிப்பு வேலைக்குச் சந்தை கொடுப்பதே சொற்பம். அவருடைய இரண்டு மணி நேரம், ஆடிட்டர் ஒருவர் இலவசமாகக் கணக்குப் பார்த்த அரை மணி நேரத்தைவிட மலிவாகிவிடும். பிரிட்டனின் தொண்டு நிறுவனக் கணக்கியல் விதி, பொதுவான தன்னார்வலர்களின் உழைப்பை வரவில் காட்டாமல் அறிக்கையில் விவரிக்கச் சொல்கிறது. அதுதான் நேர்மையான வழி: எத்தனை பேர், எத்தனை மணி, என்ன வேலை முடிந்தது என்று எழுதினால் போதும்.

இதையொட்டி எழும் வேறு சில கேள்விகள். மதிப்பூதியம் வாங்குபவர் தன்னார்வலரா? உள்ளூர்க் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் ஆம் என்கிறது 2013-ன் சர்வதேசப் புள்ளியியல் வரையறை. ஊதியத்தைக் குறைத்தே ஒருவரைத் ‘தன்னார்வலர்’ ஆக்கிவிட இது இடம் தருகிறது.

பேருந்துக் கட்டணம் கொடுக்கலாமா? தாராளமாக, அது கூலி அல்ல.

கொடுத்த உழைப்புக்கு நன்கொடை வரிச்சலுகை? கிடையாது, பணத்துக்கு மட்டும்தான்.